பெயர்ச்சீட்டு மாறிய புட்டி
உறைவிந்து முறையும் கிறிஸ்டபர் போல்ஜின் ஆராய்ச்சியும்

நமது அங்கத்தினர்களில் தறியை மட்டுமே நம்பி வாழ்பவரும், நிலத்தை மட்டுமே நம்பி வாழ்பவரும் சிலரே. நெசவாளர் வீட்டுக் கொல்லையிலும், விவசாயி வீட்டுக் களத்து மேட்டிலும் ஒரு கறவைமாடு நிற்பதைப் பெரும்பாலும் காணலாம். நூல் வராமல் தறி நின்ற வாரத்திலும், மழை பொய்த்த பருவத்திலும் குடும்பத்துக்குக் கைகொடுப்பது அந்த மாட்டின் பாலே. மாடு கன்று ஈன்றால்தான் பால். குறித்த காலத்தில் சினையானால்தான் கன்று. ஆகவே, மாடு சினையாவது என்பது கால்நடை வைத்தியருக்கு மட்டும் உரிய விஷயமன்று. கடன் கொடுத்த சங்கத்துக்கும் கடன் வாங்கிய அங்கத்தினருக்கும் உரிய விஷயமாகும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமச் சங்கத்தின் பேரேடுகளைப் பரிசீலிக்கச் சென்றிருந்தேன். கறவைமாட்டுக் கடனில் தவணை தவறியவர் பட்டியலில் ஒரு நெசவாளி அம்மையாரின் பெயர் இருந்தது. காரணம் கேட்டபோது அவர், "ஐயா, மூன்று தடவை ஊசி போட்டாயிற்று, ஒரு தடவையும் சினை நிற்கவில்லை. பால் வற்றிப் போயிற்று. தீனி மட்டும் குறையவில்லை. காளைக்கே சேர்த்திருக்கலாம்; ஊசியை நம்பிக் கெட்டேன்" என்றார். அவர் கூற்றில் கோபத்தைவிட வருத்தமே மிகுந்திருந்தது. பசு 21 நாட்களுக்கு ஒரு முறை பருவத்துக்கு வருவது. மூன்று முறை தவறினால் இரண்டு மாதங்கள் வீண். அவ்விரண்டு மாதத் தீனிச் செலவும் வராத பாலின் வரவும் சேர்ந்துதான் பேரேட்டில் தவணை தவறியதாக எழுதப்பட்டிருந்தன.

அந்த அம்மையாருக்கு அன்று என்னால் தக்க விடை கூற இயலவில்லை. பின்னர் விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறேன். நாம் 'ஊசி' என்று கூறும் செயற்கைக் கருவூட்டல் முறை எங்ஙனம் தோன்றிற்று, உறைந்த விந்து எங்ஙனம் உயிரோடிருக்கிறது, எந்த இடத்தில் அது பழுதுபடக்கூடும் என்பவற்றை அங்கத்தினர்கள் அறிந்துகொள்வது நலம். அவ்வரலாற்றின் நடுவில் நிற்பவர் கிறிஸ்டபர் போல்ஜ் என்னும் ஆங்கில விஞ்ஞானி.

கூட்டுறவும் கருவூட்டலும்

விந்தில் உயிரணுக்கள் நீந்துவதை ஹாலந்து நாட்டு லேவன்ஹுக் 1677-ஆம் ஆண்டிலேயே தமது பூதக்கண்ணாடியின் மூலம் கண்டார். இத்தாலி நாட்டு ஸ்பல்லன்சானி 1780-ஆம் ஆண்டை ஒட்டி ஒரு பெண் நாய்க்கு விந்தைச் செயற்கையாகச் செலுத்தினார். அது 62 நாட்களில் மூன்று குட்டிகளை ஈன்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ருஷ்ய நாட்டு இவானோவ் இம்முறையைக் குதிரைகளிலும் மாடுகளிலும் பெருமளவில் நடத்திக் காட்டினார்.

இதனைக் குடியானவரின் வாசலுக்குக் கொண்டு சேர்த்தது கூட்டுறவே என்பது நாம் பெருமைப்படத்தக்க செய்தி. 1936-ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டின் சாம்ஸோ என்னும் தீவில், மாடு வளர்ப்போர் ஒன்றுகூடிச் செயற்கைக் கருவூட்டலுக்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். அதனைப் பின்பற்றி 1938-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் ஒரு சங்கம் தோன்றிற்று. நம் நாட்டில் 1939-ஆம் ஆண்டு மைசூர் அரண்மனைப் பால்பண்ணையில் இம்முறை முதன்முதலாகக் கையாளப்பட்டது.

காரணம் எளிது. நல்ல பொலிகாளை ஒன்றை வாங்கிப் பேணுவது தனி ஒருவரால் ஆகாத காரியம். நூறு பேர் சேர்ந்தால் ஆகும். அன்றியும், இனச்சேர்க்கையினால் காளையிலிருந்து பசுவுக்கும், பசுவிலிருந்து காளைக்கும் தொற்றிக் கருச்சிதைவை உண்டாக்கும் நோய்கள் சில உண்டு. செயற்கை முறையில் அத்தொற்று தடுக்கப்பட்டது.

ஆயினும் ஒரு பெருங்குறை இருந்தது. முட்டையின் மஞ்சள் கருவும் உப்புக் கரைசலும் கலந்து, பூஜ்யத்துக்குச் சற்று மேற்பட்ட குளிரில் வைத்தாலும் விந்து மூன்று நான்கு நாட்களுக்கு மேல் பயன்படவில்லை. காளை இருக்கும் இடத்திலிருந்து அந்நாட்களுக்குள் கொண்டுபோகக்கூடிய தூரத்துக்கு அப்பால் அதனால் பயனில்லை. எடுத்த விந்தில் பெரும்பகுதி கொட்டப்பட்டது. காளை இறந்தால் அதன் வம்சவிருத்தியும் அன்றோடு நின்றது. உறைய வைத்துச் சேமிக்கலாமெனில், உறைந்த விந்து இளகியபின் அசைவற்றுக் கிடந்தது.

புட்டியும் பெயர்ச்சீட்டும்

கிறிஸ்டபர் போல்ஜ் 1926-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். ரெடிங் சர்வகலாசாலையில் விவசாயம் பயின்றார். 1948-ஆம் ஆண்டில் லண்டனை அடுத்த மில் ஹில்லில் இயங்கிய தேசிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில், ஆலன் பார்க்ஸ் என்பவரின் கீழ் பணியில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 22. ஆட்ரி ஸ்மித் என்னும் பெண் விஞ்ஞானியும் அக்குழுவில் இருந்தார்.

சர்க்கரைக் கரைசலில் கலந்தால் விந்தணு உறைபனியைத் தாங்கக்கூடும் என்று முன்னரே சிலர் எழுதியிருந்தனர். பழச்சர்க்கரைக் கரைசலைச் சேர்த்துச் சேவலின் விந்தை உறையவைத்துப் பார்த்தார் போல்ஜ். பயன் கிட்டவில்லை. வேலை சில மாதங்கள் நின்றது. எஞ்சிய கரைசல் குளிர் அறையில் வைக்கப்பட்டது. மீண்டும் வேலை தொடங்கியபோது, அங்கிருந்த பழைய புட்டியை எடுத்துப் பயன்படுத்தினர். இம்முறை உறைந்து இளகிய விந்தணுக்கள் உயிர்பெற்று நீந்தின!

இங்கேதான் நாம் கவனிக்கவேண்டிய இடம் வருகிறது. வெற்றி கிட்டிற்றென்று அவர்கள் உடனே பறைசாற்றவில்லை. அதே பழச்சர்க்கரையைப் புதிதாகக் கரைத்துச் செய்து பார்த்தனர், விந்தணுக்கள் மடிந்தன. பழைய புட்டியில் பலிப்பது புதிய புட்டியில் பலிக்கவில்லையெனில், பழைய புட்டியில் இருப்பது வேறு ஏதோ ஒன்று என்று ஐயுற்றனர். புட்டியின் அடியில் எஞ்சியிருந்த சிறிதளவு கரைசலை இரசாயன நிபுணரிடம் கொடுத்துப் பகுத்துப் பார்க்கச் செய்தனர். அதில் சர்க்கரையே இல்லை! கிளிசரினும் முட்டை வெள்ளைக்கருவின் சத்தும் நீருமே இருந்தன. உடல் திசுக்களை மெல்லிய சீவல்களாக்கிக் கண்ணாடித் தகட்டில் ஒட்டுவதற்காகச் செய்துவைத்த பசை அது. குளிர் அறையில் இரண்டு புட்டிகளின் பெயர்ச்சீட்டுகளும் மாறிப்போயிருந்தன.

பின்னர் கிளிசரினையும் வெள்ளைக்கருவையும் தனித்தனியே சோதித்து, காப்பது கிளிசரினே என்று தெளிந்தனர். போல்ஜ், ஸ்மித், பார்க்ஸ் மூவரும் 1949-ஆம் ஆண்டில் 'நேச்சர்' என்னும் விஞ்ஞான இதழில் இதனை வெளியிட்டனர். தவறான பெயர்ச்சீட்டினால் கிடைத்த அதிருஷ்டம் என்று இதனைச் சொல்வோர் உண்டு. அதிருஷ்டம் புட்டியைக் கையில் கொடுத்தது உண்மையே. ஆனால், பெயர்ச்சீட்டை நம்பாமல் உள்ளே இருப்பதைச் சோதித்தது அவர்களுடைய விடாமுயற்சியன்றோ?

கிளிசரின் காப்பது எங்ஙனம்?

கோடையில் ஏரி வற்றுவதை நாம் கண்டிருக்கிறோம். நீர் குறையக் குறைய எஞ்சிய நீரில் உப்பு மிகுந்து, கரிப்பு ஏறும். மாடும் அதனைக் குடிக்காது. விந்தணு உறையும்போது நேர்வதும் இதுவே. நீர் பனிக்கட்டியாகிப் பிரிந்து போகப்போக, எஞ்சிய சிறிதளவு நீரில் உப்பு அளவுகடந்து செறிகிறது. அவ்வுப்பு உயிரணுவின் மெல்லிய உறையைச் சிதைக்கிறது. பனிக்கட்டியின் கூர்முனைகளால் விளையும் கேடும் உண்டு. ஆனால் உப்பின் செறிவே பெருங்கேடு என்பதை, அதே நிலையத்தில் பணிபுரிந்த ஜேம்ஸ் லவ்லாக் 1953-ஆம் ஆண்டில் இரத்த அணுக்களைக் கொண்டு விளக்கினார்.

கிளிசரின் உயிரணுவின் உள்ளே புகக்கூடியது; நீரோடு நன்கு கலப்பது. அது கலந்த நீர் எளிதில் பனிக்கட்டியாவதில்லை. ஆகவே உறையாத நீரின் அளவு கூடுகிறது. உப்பின் செறிவு கட்டுக்குள் நிற்கிறது. பாவு நூலுக்குக் கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் விழுதும் அச்சும் உராய்ந்து இழை அறும். கஞ்சி போட்ட இழை தாங்கும். குளிர் என்னும் தறியில் ஏறும் விந்தணுவுக்குக் கிளிசரின் அத்தகைய கஞ்சி என்று கொள்ளலாம். கஞ்சி மிகுந்தாலும் குறைந்தாலும் கேடு என்பது நெசவாளர் அறிந்ததே. கிளிசரினுக்கும் அது பொருந்தும்.

நீந்துவது வேறு, கருவூட்டுவது வேறு

போல்ஜின் அடுத்த பாடம் இன்னும் நுட்பமானது. இளகிய சேவல் விந்தணுக்கள் துடிப்புடன் நீந்தின. ஆனால் அவற்றைக் கோழிக்குச் செலுத்தியபோது முட்டைகள் கருவுறவில்லை. விந்தில் கலந்திருந்த கிளிசரினே கோழியின் உடலுக்குள் கருவுறுதலைத் தடுத்தது. செலுத்துமுன் கிளிசரினை நீக்கிய பின்னரே குஞ்சுகள் பொரிந்தன. இதனை 1951-ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார்.

விந்தணுவுக்குத் தலை, நடுப்பகுதி, வால் என மூன்று பகுதிகள் உண்டு. வால் நீந்துவதற்கு, நடுப்பகுதி அதற்கு வேண்டிய சக்தியைத் தருவதற்கு, தலையினுள் தந்தைவழி மரபுப் பொருள். தலையின் நுனியில் ஒரு மூடி இருக்கிறது. கருமுட்டையின் உறையைத் துளைக்கும் பொருள் அதனுள் அடங்கியுள்ளது. குளிரினால் அம்மூடி கெட்டுவிட்டால், விந்தணு நீந்தும். ஆனால் முட்டையினுள் புகாது. அன்றியும், பெண் உடலினுள் சில மணி நேரம் தங்கிப் பக்குவமடைந்த பின்னரே விந்தணுவுக்கு முட்டையினுள் புகும் தகுதி வருகிறது. இதனை 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பணியாற்றிய சீன விஞ்ஞானி சாங் என்பவரும், ஆஸ்திரேலியாவின் ஆஸ்டின் என்பவரும் தனித்தனியே கண்டறிந்தனர்.

காளையின் விந்துக்குச் சேவலின் முறை அப்படியே பொருந்தவில்லை. விரைவில் உறைய வைத்தால் அணுக்கள் மடிந்தன. முட்டை மஞ்சள் கருவும் கிளிசரினும் சேர்த்து, மெல்ல மெல்லக் குளிர்வித்து, பூஜ்யத்துக்குக் கீழ் 79 டிகிரி சென்டிகிரேடில் வைத்தபோது அவை பிழைத்தன. உறைவிந்தினால் கன்று பிறந்த செய்தி 1951-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கால்நடை மருத்துவ இதழில் வெளியாயிற்று. மறு ஆண்டில் போல்ஜும் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரௌசனும், பல மாதங்கள் உறைநிலையில் வைத்திருந்த விந்தினாலும் பசுக்கள் நன்கு சினையாவதைக் காட்டினர். பின்னர் திரவ நைட்ரஜன் வழக்கத்துக்கு வந்தது. அதன் குளிர் பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரி. அக்குளிரில் விந்து ஆண்டுக்கணக்கில் கெடாது. காளை இறந்த பின்னும் அதன் கன்றுகள் பிறக்கின்றன.

பிற்காலப் பணிகள்

போல்ஜ் 1954-ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜுக்குச் சென்று, அங்குள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் பன்றியின் இனப்பெருக்கத்தைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தார். பன்றியின் விந்தணு குளிரைத் தாங்காத இயல்புடையது. காளையில் பலித்த முறை அதில் பலிக்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் புகழ்பெற்ற ஒருவர், பலிக்காத ஒன்றோடு பொறுமையாக மல்லுக்கட்டினார் என்பதை நினைக்கவேண்டும். 1970-ஆம் ஆண்டில் அவரும் துணைவர் இருவரும், உறைந்து இளகிய பன்றி விந்தை அறுவை முறையில் கருக்குழாயினுள்ளேயே செலுத்தி, அது முட்டையைக் கருவுறச் செய்வதைக் காட்டினர்.

அத்துணைவருள் ஒருவர் அவருடைய மாணவரான இயன் வில்மட். அவரே 1973-ஆம் ஆண்டில் ரௌசனுடன் சேர்ந்து உறைந்த கருவிலிருந்து கன்று பிறந்ததை அறிவித்தவர். 1996-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் டாலி என்னும் ஆட்டுக்குட்டியைப் பிறப்பித்த குழுவின் தலைவரும் அவரே. 1979-ஆம் ஆண்டில் போல்ஜ் கேம்பிரிட்ஜ் நிலையத்தின் தலைவரானார். 1986-ஆம் ஆண்டில் அந்நிலையம் மூடப்பட்டது. 1983-ஆம் ஆண்டில் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினர் பதவியும், 1988-ஆம் ஆண்டில் வுல்ஃப் பரிசும், 1992-ஆம் ஆண்டில் ஜப்பான் பரிசும் அவருக்குக் கிடைத்தன. 2006-ஆம் ஆண்டு, தமது 80-ஆம் வயதில் அவர் காலமானார்.

அவருடைய கண்டுபிடிப்பின் பயன் மாட்டுக் கொட்டகையோடு நிற்கவில்லை. இரத்த அணுக்களையும் கிளிசரினில் காக்கலாம் என்று ஆட்ரி ஸ்மித் 1950-ஆம் ஆண்டிலேயே காட்டினார். 1953-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உறைந்த விந்தினால் மனிதரிலும் கருத்தரிப்பு நிகழ்ந்தது.

நம் கொட்டகைக்கு வருவோம்

காளை ஒரு தடவையில் தரும் விந்து சுமார் 5 மில்லி. ஒரு மில்லியில் சுமார் 100 கோடி உயிரணுக்கள் உண்டு. அதனைத் தக்க கரைசலில் கலந்து, கால் மில்லி கொள்ளும் மெல்லிய குச்சிகளில் அடைத்து உறைய வைக்கிறார்கள். ஒரு குச்சியில் சுமார் 2 கோடி உயிரணுக்கள் இருக்கும். காளையின் எண், இனம், உறையவைத்த தேதி ஆகியவை குச்சியின்மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு தடவை எடுத்த விந்து சுமார் 250 பசுக்களுக்குப் போதுமானது. காளைக்கு நேரே சேர்த்தாலோ அது ஒரு பசுவுக்கே செலவாகும்.

ஆனால் குச்சி உயிரோடிருப்பது திரவ நைட்ரஜனில் மூழ்கியிருக்கும் வரையில்தான். கலனைத் திறக்காமலே வைத்திருந்தாலும் நைட்ரஜன் நாள்தோறும் சிறிது சிறிதாக ஆவியாகிக் குறையும். உரிய காலத்தில் நிரப்பாவிட்டால் உள்ளிருக்கும் குச்சிகளின் விந்து மடியும். மடிந்த குச்சிக்கும் உயிருள்ள குச்சிக்கும் பார்வைக்கு யாதொரு வேற்றுமையும் இல்லை. அச்சிட்ட எழுத்து அப்படியே இருக்கும். பெயர்ச்சீட்டு ஒன்று கூற, உள்ளே வேறொன்று இருக்கும்!

முன்பு கூறிய அம்மையாரின் விஷயத்தில் நேர்ந்ததும் இதுவே எனப் பின்னர் அறிந்தேன். அவர் மாட்டுக்கு ஊசி போட்ட அதே நாட்களில் அக்கம்பக்கத்தில் ஊசி போட்ட வேறு மாடுகளும் சினை நிற்கவில்லை. கலனில் நைட்ரஜன் எவ்வளவு என்று எழுதவேண்டிய ஏட்டில் பல வாரங்களுக்குப் பதிவே இல்லை. குற்றம் மாட்டினுடையதும் அன்று, அம்மையாருடையதும் அன்று. கலனை நிரப்பி, புதிய குச்சிகள் வந்தபின், நான்காம் முறை அந்த மாடு சினையாயிற்று. சங்க நிர்வாகக் குழு அவருடைய கடன் கெடுவை நீட்டித்துத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும், இழந்த மாதங்களுக்கு யார் ஈடு செய்வது? பேரேட்டில் 'தவணை தவறியவர்' என்று எழுதுமுன், அவர் ஏன் தவறினார் என்று நானும் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும்.

சினை நிற்காததற்கெல்லாம் குச்சியே காரணம் என்று கொள்வதும் தவறாகும். தீனிக் குறைவு, தாது உப்புக் குறைவு, கருப்பை நோய், பருவம் அறியாமல் காலம் தவறிப் போடுதல் ஆகியவையும் காரணங்களே. ஆகவே அங்கத்தினர்கள் பின்வருபவற்றை மனத்தில் இருத்துவாராக:

1. பசு கத்துதல், பிற மாடு தன்மேல் ஏற அசையாது நிற்றல், கண்ணாடி போன்ற வழும்பு ஒழுகுதல் ஆகியவை பருவத்தின் அறிகுறிகள். காலையில் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போடவேண்டும்.

2. ஊசி போடுபவரிடம், கலனில் நைட்ரஜன் போதிய அளவு உள்ளதா என்று மரியாதையுடன் கேட்கலாம். கேட்பது நமது உரிமை, அவரைக் குறைகூறுவதாகாது.

3. குச்சியை எடுத்தவுடன் 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து இளக்கவேண்டும். இளகியதைத் தாமதமின்றிச் செலுத்தவேண்டும். மீண்டும் கலனில் இடுதல் கூடாது.

4. குச்சியின்மேல் உள்ள காளை எண்ணையும், ஊசி போட்ட தேதியையும் ஓர் ஏட்டில் எழுதி வைக்கவேண்டும். 21-ஆம் நாளை ஒட்டி மாட்டை உற்றுக் கவனிக்கவேண்டும். பருவத்துக்கு வராவிட்டாலும், சினையென்று தாமே முடிவுகட்டாமல், மூன்றாம் மாதத்தில் வைத்தியரைக் கொண்டு பரிசோதிக்கவேண்டும்.

5. மூன்று முறை தவறினால் நான்காம் முறைக்கு விரையாமல் மாட்டை வைத்தியரிடம் காட்டவேண்டும். பக்கத்து வீட்டு மாடுகளின் நிலையையும் விசாரித்துச் சங்கத்துக்குத் தெரிவிக்கவேண்டும். ஒருவர் தனியே கூறினால் முறையீடு. பத்துப் பேரின் ஏடுகள் ஒன்றையே கூறினால் அது சான்று.

சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கறவைமாட்டுக் கடன் கொடுத்ததோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை. எந்த மையத்தில் ஊசி போடப்படுகிறதோ, அங்கு கலனின் அளவு ஏடு தவறாமல் எழுதப்படுகிறதா என்று மாதம் ஒரு முறையேனும் விசாரித்தல் வேண்டும். ரொக்கப் பெட்டியை எண்ணிப் பார்க்கும் நாம், அங்கத்தினரின் ஓராண்டு வரவு அடங்கியுள்ள அந்தக் கலனையும் எட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

மில் ஹில்லில் மூவர், புட்டியின்மேல் எழுதியிருந்ததை அப்படியே நம்பியிருந்தால், அன்றைய வெற்றி மறுநாளே பொய்த்து, காரணம் அறியாமலே கைவிடப்பட்டிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று சோதித்தார்கள். உலகத்தின் மாட்டுக் கொட்டகைகளெல்லாம் பயன் பெற்றன. எழுதியிருப்பதையும் இருப்பதையும் ஒத்துப் பார்ப்பது விஞ்ஞானிக்கு மட்டும் உரிய வேலையன்று. கூட்டுறவு இன்ஸ்பெக்டருக்கும், நிர்வாகக் குழுவுக்கும், மாட்டை வளர்க்கும் ஒவ்வோர் அங்கத்தினருக்கும் அது உரியதே.